கார்டு கேட்காத நசீமா

நூம்பலில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வேலப்பன்சாவடியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது குமரேசன் அழைத்தார். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் அவர். வண்டி ஓடும் நேரத்தில் யாரையும் அழைக்க மாட்டார். எடுத்தேன். "மேடம், அக்கா பூட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு இருந்தது ஒரே ஓர் அக்காதான்.

பூந்தமல்லி நசீமா பேகம் காலமாகிவிட்டார். ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம், மாங்காடு என்று பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் குடியிருக்கும் தெருக்களில் இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். படியேறும்போதே மேல்மாடிக்குக் கேட்டுவிடும் அவருடைய குரல் உங்கள் காதிலும் இன்னும் இருக்கும். உங்களோடு சேர்ந்து அழுவதற்காகத்தான் முதலில் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும், அவரைத் தெரியாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

நான் அம்பத்தூரில் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகர். பெயர் விஜயா. முன்னாள் படைவீரர்களுக்காக ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள். ஓய்வூதியம், கேன்டீன், மருத்துவ வசதி பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால், மன அழுத்தம் குறித்து என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். மண்டபத்தில் பாதிப் பேர் பந்தி போடும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு, கேள்வி ஏதாவது உண்டா என்று மரியாதைக்குக் கேட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார்.

"என் பேரு நசீமா. எங்க ஊட்டுக்காரர் பஷீர், மிலிட்டரில வண்டி ஓட்டினாரு. ரிட்டயர் ஆயி வந்து அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா நின்னாரு. அவரு நெஞ்சு வலியில மௌத்தாயிட்டாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தோம். அது பொய். அவரு உயிர அவரே எடுத்துக்கினாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இந்த மேடம் பேசினதுல பாதி எனக்குப் புரியல. ஆனா இங்க உக்காந்துகினு கீறவங்கள்ல யாருக்காவது அந்த நெனப்பு வருதுன்னா, வெளிய டீக்கடையாண்ட நிக்கறேன். வந்து பேசுங்க."

சொல்லிவிட்டு நேராக வெளியே போனார்.

நானும் பின்னால் போனேன். அவர் டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் நின்றிருந்தார். சாப்பாடு முடிந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். வடை வாங்க வந்ததுபோல ஒருவர் வந்தார். சிகரெட் கேட்பதுபோல இன்னொருவர். முதலில் வாயைத் திறந்தவர் ஓய்வு பெற்ற சுபேதார் தேவராஜன். "தங்கச்சி, எனக்கு அந்த நெனப்பு வந்து போயி ரொம்ப நாளாச்சு. ஆனா வந்துச்சு" என்றார். நசீமா அவருக்கு ஒரு டீ சொன்னார். இந்த ஊரில் நாங்கள் பிறகு செய்ததெல்லாம் அந்த டீயிலிருந்து தொடங்கியதுதான்.

பஷீரைப் பற்றி நசீமா என்னிடம் அதிகம் பேசியதில்லை. ஒரு முறை மட்டும், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "அன்னிக்குக் காலைலகூட சட்டைய அயர்ன் பண்ணி மாட்டிகினுதான் வேலைக்குப் போனாரு விஜயா. அயர்ன் பண்ண சட்டையப் பாத்து நான் இன்னாத்த கண்டுபிடிக்கறது?"

சனிக்கிழமை மாலைகளில் கூடத் தொடங்கினோம். ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, சனிக்கிழமை காலியாக இருக்கும் என்று கிடைத்தது. சுவரெல்லாம் வாய்ப்பாடு, பழங்களின் படம். எல்லையில் பனியில் நின்றவர்கள், பீரங்கி இழுத்தவர்கள், சிறுபிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் காட்சிக்கே முதல் நாள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு பேச்சு வந்தது. வீட்டில் தனக்கு வேலை எதுவும் இல்லாததுபோல் தோன்றுவதைப் பற்றிப் பேசினார்கள். பெற்ற பிள்ளைக்கே அந்நியனாகிப் போனதைப் பற்றி, கேட்டில் நின்று தன் வயதில் பாதி வயதுக்காரனுக்கு சல்யூட் அடிப்பதைப் பற்றி, தூக்கத்தில் வந்து போகும் முகங்களைப் பற்றிப் பேசினார்கள்.

நசீமா ஒரு விதி வைத்திருந்தார். "இங்க யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது." அதை அதிகம் மீறியவரும் அவர்தான். பருத்திப்பட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைக் குடிக்காக எல்லோர் முன்னாலும் வெளுத்து வாங்கிவிட்டார். அவர் மறுவாரம் வரவில்லை. நசீமா அவர் வீட்டுக்கே போய், அவர் மனைவியின் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டார். அப்படியும் அவர் வெகுநாள் வரவில்லை. "அல்லா எனக்கு வாயத்தான் பெரிசா குடுத்துட்டான். கொஞ்சம் மூடவும் குடுத்திருக்கலாம்" என்று என்னிடம் வருத்தப்பட்டார். அவரைத் தெய்வப் பிறவி ஆக்கி யாரும் பேச வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். கோபக்காரர், பிடிவாதக்காரர். பொறுமையைத் தினமும் புதிதாகக் கற்றுக்கொண்டவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. முன்னாள் படைவீரர்களிடையே தற்கொலையைத் தடுக்க, அந்தந்த ஊரிலேயே வேலை செய்யும் சிறு அமைப்புகளுக்கு மானியம். நாங்களும் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு விண்ணப்பித்தோம். நான் எழுத, அவர் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தையல்தான் அவர் பிழைப்பு. 'இப்பணியில் தங்கள் அமைப்பின் முன்அனுபவம்' என்று ஒரு கேள்வி. என்ன எழுதுவது என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமல், "ஒருத்தரைப் பறிகொடுத்த அனுபவம்னு எழுதுங்க" என்றார். நான் வேறு மாதிரி எழுதினேன். ஆனால் அவர் சொன்னதுதான் சரியான பதில்.

மானியம் கிடைத்தது. அது எங்களுக்கு என்னவெல்லாம் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க யாராவது ஒருவர் எடுக்கும் ஒரு தொலைபேசி ஆனது. மாடிக்கு வாடகை ஆனது. தேவராஜன் போன்றவர்கள் முறையாகப் பயிற்சி பெற்று, வெளியே வராதவர்களைத் தேடி வீடு வீடாகப் போக முடிந்தது. அவர்களுக்குச் சிறு ஊதியமும் வண்டிக்குப் பெட்ரோலும் கிடைத்தன. டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டவர்களை நாங்களே அழைத்துப்போனோம்.

அப்படித் தேடிப் போன வீடுகளில் ஒன்று மாங்காட்டில் இருந்த ஹவில்தார் லாரன்ஸின் வீடு. முழங்கால் போய், வாசல் தாண்டாமல் இருந்தவர். புதன்கிழமைதோறும் தேவராஜன் அவரிடம் போவார். இருவரும் கேரம் ஆடுவார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் காயை அடித்துக்கொண்டே லாரன்ஸ், "மனசு ரொம்ப கெட்டுப்போற நாள்ல, சரி, புதன்கிழமை வரைக்கும் தள்ளிடலாம்னு நெனச்சுக்குவேன் சார்" என்றாராம். தேவராஜன் இதை எங்களிடம் சொன்னபோது நசீமா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து அவருக்குப் புதன்கிழமை என்றால் லாரன்ஸ்தான். காலையிலேயே தேவராஜனுக்குப் போன் போட்டு, "கெளம்பிட்டீங்களாண்ணே?" என்பார்.

குமரேசன் வந்தது அதற்குப் பிறகு. ஒரு சனிக்கிழமை, காக்கிச் சட்டையோடு பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். மேலே வரவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. நசீமாதான் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, நின்னுகினே கீறே? மேல வா."

"இல்லக்கா. எங்கிட்ட கார்டு இல்ல. நான் டிஸ்மிஸ் ஆனவன்."

"டீக்கு யாரும் கார்டு கேக்க மாட்டாங்க. ஆறிப்போவுது, வா."

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் லீவில் வந்தவர் அவர். அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்க ஊரிலேயே தங்கிவிட்டார். திரும்பிப் போனபோது விசாரணை நடத்தி நீக்கிவிட்டார்கள். ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற அடையாள அட்டையும் கிடையாது. சொந்த ஊரில் தலைகாட்ட முடியாமல் பூந்தமல்லிக்கு வந்து ஆட்டோ ஓட்டினார். பட்டாளத்தில் இருந்ததையே யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தவர், எங்கள் மாடியில் ஒரு சனிக்கிழமை வாய்விட்டு அழுதார். தானாகவே டாக்டரைப் பார்க்கவும் ஒத்துக்கொண்டார்.

மானியத்தின் முதல் தவணை முடிந்து, செலவை ஆய்வு செய்ய ஓர் அலுவலர் வந்தார். நல்ல மனிதர். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தார். எல்லாம் பார்த்துவிட்டுக் குமரேசனின் பெயரில் நின்றார்.

"அம்மா, நான் தப்பா சொல்லல. விதியில முன்னாள் படைவீரர்னா அடையாள அட்டை வெச்சிருக்கறவர்னு இருக்கு. இவருக்குச் செலவு பண்ணதை ஏத்துக்க முடியாது. தணிக்கையில கேப்பாங்க."

குமரேசன் அப்போது அங்கேயே, கடைசிப் பெஞ்சில் இருந்தார். சத்தமில்லாமல் எழுந்து, ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நசீமா அவர் பின்னால் ஓடினார். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. திரும்பி வந்து மூச்சிரைக்க அந்த அலுவலர் முன்னால் நின்றார்.

"சாவு இன்னா, கார்டு பாத்துகினா வருது சார்?"

அவர் எழுத வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும், எழுதினார். அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே செலவு செய்வோம் என்று உறுதிமொழி கொடுத்தால்தான் அடுத்த தவணை என்று தகவல் வந்தது.

எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. தேவராஜன் நிதானமாகத்தான் பேசினார். "தங்கச்சி, கொமரேசன வுட்டுடலாம்னு சொல்லல. அவன நாம தனியா பாத்துக்கலாம். ஒருத்தனுக்காக போன நிறுத்தி, எல்லார் வூட்டுக்கும் போறத நிறுத்தி... அது சரியில்லம்மா."

"தனியான்னா எப்டிண்ணே? இவங்க எல்லாம் மேல வந்து உக்காரட்டும், நீ மட்டும் படியில நில்லுன்னு சொல்றதா? அவன் மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

குமரேசனே வந்து கெஞ்சினார். "நான் வரல அக்கா. போட்டுடுங்க." அதற்கு நசீமா, "நீ வராம போனா அந்தப் பணம் எனக்கு இன்னாத்துக்குடா?" என்றார்.

நான் அன்றைக்குத் தேவராஜன் பக்கம்தான் இருந்தேன். யார் சரி என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நசீமா கையெழுத்துப் போடவில்லை. மானியம் நின்றது. மாடியைக் காலி செய்துவிட்டு, அவர் வீட்டு மொட்டைமாடியில் கூடினோம். தொலைபேசியை எடுக்க ஆளில்லாமல் போனது. ஊதியம் நின்றதால் தேவராஜன் ஒரு கம்பெனியில் பகல் டியூட்டிக்குப் போக வேண்டியதாயிற்று. மாங்காட்டுக்குப் போக முடியவில்லை. புதன்கிழமைகளில் லாரன்ஸுக்குப் போன் மட்டும் செய்துகொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் லாரன்ஸ் இறந்துபோனார். பஷீரைப் போலவே.

நானும் நசீமாவும் மாங்காட்டுக்குப் போனோம். லாரன்ஸின் மனைவி ரோஸி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நசீமாவைப் பார்த்ததும், "புதன்கெழம ஆனா சட்டை மாத்திகினு உக்காந்துப்பாரு. யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் மாத்திப்பாரு" என்றார். பிறகு கேட்டார்: "நீங்கல்லாம் வந்துகினு இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரா?"

அந்த அறையில் இருந்த எல்லோரும் ஏதாவது ஆறுதல் சொல்லி அந்தக் கேள்வியை மூடிவிடத் தயாராக இருந்தார்கள். நசீமா, "தெரியலம்மா. இருந்திருக்கலாம்" என்றார். ரோஸி அவர் மடியில் சாய்ந்து அழுதார். அன்று முழுக்க நசீமா அந்த வீட்டில்தான் இருந்தார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், பாத்திரம் கழுவினார். யாருக்கும் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பஷீர் போனப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ எல்லாம் தெரிஞ்சே பண்ணேன் விஜயா." ஒரு சாவுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை என்று என் தொழிலில் சொல்வோம். அது உண்மையும்கூட. அதைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குமணன்சாவடி வரும்வரை முந்தானை முகத்தைவிட்டு அகலவில்லை.

அவர் உடைந்துபோனதை நான் பார்த்தது அப்போதுதான். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். எனக்கும் தேவராஜனுக்கும் அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தடுத்தவர் ரோஸி. துக்கம் விசாரிக்க நசீமா மறுபடி போயிருந்தபோது, விஷயம் முழுவதையும் அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ரோஸி, "எங்க ஊட்டுக்காரர்கிட்ட கார்டு இருந்துச்சு. பத்திரமா பெட்டியில கீது. அது அவரப் புடிச்சு வெச்சுக்கலியே. நீங்க கையெழுத்துப் போட்டு, நாளைக்கு அந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவங்க ஊட்லயும் நான் வந்து உக்காரணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பெண்களும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனார்கள். எங்களிடம் ஆய்வுக்கு வந்த அதே அலுவலர்தான் அங்கே இருந்தார். நானும் உடன் போயிருந்தேன். நசீமா, வழக்கத்துக்கு மாறாக, ஒரு வார்த்தைகூடச் சத்தமாகப் பேசவில்லை. "சார், இவங்க ஊட்டுக்காரரு கார்டு இருந்தவரு. எங்க ஊட்டுக்காரரும் கார்டு இருந்தவரு. கார்டு இல்லாதவன் ஒருத்தன் இன்னும் உயிரோட கீறான். அவனையாவது இருக்க வுடுங்க" என்றார். அவர் எங்களை உட்காரச் சொன்னார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். சொன்னபடி எழுதினார். ஒரு முறை அல்ல, பதில் வரும்வரை எழுதினார் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

பலமுறை நடந்தோம். வெகுநாள் ஆயிற்று. கடைசியில் திருத்தம் வந்தது. 'முன்னாள் படைவீரர்' என்றிருந்த இடத்தில், 'படையில் பணியாற்றிய எவரும், அவர்தம் குடும்பத்தினரும்' என்று இருந்தது. நான் நசீமாவின் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சந்தோஷத்தில் அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "இந்த ஒரு வரிக்கு லாரன்ஸ் அண்ணன் போவணுமா விஜயா?" என்றார். அந்த அழுகை அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தொலைபேசி மறுபடி வேலை செய்தது. டியூஷன் சென்டர் மாடி மறுபடி கிடைத்தது. தேவராஜன் டியூட்டியை விட்டுவிட்டு வந்தார். ரோஸி பயிற்சி எடுத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். கணவனை இப்படிப் பறிகொடுத்த பெண்களின் வீட்டுக்கு முதலில் போவது இப்போது அவர்தான். குமரேசன் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஆட்டோவில் ஏற்றி வந்தார்.

நசீமா மட்டும் அந்தப் படியில் பாதியில் நிற்கத் தொடங்கினார். கேட்டால், "படி கூடிப்போச்சு, ஓனர் புதுசா கட்டிட்டாரு போல" என்று சிரிப்பார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து இதயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது அவர் மகள் ஆயிஷாவுக்கு மட்டுமே தெரியும். புதிதாக வந்தவர்களின் பயிற்சி முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மற்றவர்களிடம், 'உடம்பு சரியில்லன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்' என்று சண்டை போட்ட பெண், தன்னுடையதை யாரிடமும் சொல்லவில்லை. இதற்காக அவரிடம் கோபப்பட வேண்டும் என்று இருக்கிறது. கோபத்தைக் கேட்க ஆள் இல்லை.

அவர் இறந்த அன்று காலை நெஞ்சு அடைப்பதாக இருந்ததும் ஆயிஷா குமரேசனை அழைத்திருக்கிறாள். வண்டியில் ஆட்கள் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் இறங்கிக்கொண்டார்களாம். நசீமாவை ஏற்றிக்கொண்டு போகும்போது அவர் பின்னாலிருந்து, "மெதுவா போடா, புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுது" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை என்று குமரேசன் சொன்னார். ஆஸ்பத்திரியில் முயன்று பார்த்தார்கள். முடியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் பட்டாளத்துக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஆயிஷா என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "அத்தாவுக்கு நெஞ்சு வலின்னு பொய் சொன்னோம் ஆன்ட்டி. அம்மாவுக்கு அது நெஜமாவே வந்துடுச்சு."

அடக்கத்துக்கு எடுத்துப் போகும்போது தேவராஜன், தோள் வலியைப் பொருட்படுத்தாமல், சந்தூக்குப் பெட்டியைத் தாங்க முன்னால் போனார். குமரேசன் தெருமுனையில் ஆட்டோவில் சாய்ந்து நின்றிருந்தார். தான் போகலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார் என்பது பார்த்தவுடன் புரிந்தது. பஷீரின் அண்ணன், வயதானவர், கூட்டத்தை நிறுத்தி அவரைப் பார்த்துக் கை காட்டினார். "தம்பி, இன்னா அங்கேயே நிக்கறே? தோள் குடு." குமரேசன் ஓடி வந்தார். நானும் ரோஸியும் ஆயிஷாவும் வாசலிலேயே நின்றோம். அவர்கள் திரும்பும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நசீமாவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. அவர் யாரையும் 'எப்படி இருக்கே' என்று கேட்டதில்லை. போன் போட்டால் எடுத்தவுடன், "காலைல இன்னா துன்னே?" என்பார். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று விசாரித்திருக்கிறேன். "எப்டி கீறேன்னு கேட்டா, 'நல்லா கீறேன்'னு பொய் ரெடியா இருக்கும். இன்னா துன்னேன்னா, பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் யோசிக்கணும். அந்த யோசிக்கற நேரத்துலயே தெரிஞ்சுபூடும்" என்றார்.

அவர் போன பிறகு சனிக்கிழமைகளுக்கு வராமல் இருப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நேற்றுக் காலை போன் செய்தேன். திருமுல்லைவாயிலில் தனியாக இருப்பவர். என் வாயில் அந்தப் பேச்சு வராது. எனக்குத் தெரிந்த தமிழில், "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, "நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல மேடம்" என்றார்.

"கதவத் திறந்து வைங்க. வர்றேன்" என்றேன்.

வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டே போனேன். திருமுல்லைவாயில் நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு பேருக்கு இட்லி வாங்கிக்கொண்டு நடந்தேன்.